மங்கிய எவர்சில்வர் பாத்திரத்தை மறுபடி பளபளக்க வைப்பது எப்படி

எவர்சில்வர் பாத்திரம் மங்கினால் கை முதலில் கம்பி நாரைத் தேடுகிறது. பெரும்பாலான வீடுகளில் பளபளப்பு போவதற்கு முதல் காரணமே அந்தக் கம்பி நார்தான்.

வெள்ளி கறுப்பதுபோலவோ, பித்தளை களிம்பேறுவதுபோலவோ எவர்சில்வர் தானாக நிறம் மாறாது. இரும்புடன் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்திருப்பதால், காற்று பட்டதுமே அதன் மேல் குரோமியம் ஆக்சைடு படலம் உருவாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத, சில நானோமீட்டர் தடிமனே உள்ள படலம் அது. கீறல் விழுந்தாலும் தானே மூடிக்கொள்ளும். ஆகவே பாத்திரம் மங்கியிருந்தால், ஒன்று அதன் மேல் ஏதோ படிந்திருக்கிறது. இல்லையென்றால் பரப்பு கீறியிருக்கிறது. படிந்ததைக் கரைக்க வேண்டும். கீறலை மட்டும்தான் தேய்க்க வேண்டும். கரைக்க வேண்டியதைத் தேய்த்தால் படிவோடு சேர்ந்து பளபளப்பும் போய்விடும்.

எந்தக் கறை என்று முதலில் பாருங்கள்

பாத்திரத்தை வழக்கம்போல் கழுவி, துடைத்து, முழுக்கக் காய்ந்தபின் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஈரத்தோடு பார்த்தால் தெரியாது. தண்ணீர்ப் படலம் உப்புக்கறையையும் நுண்கீறலையும் மறைத்துவிடும். கழுவும்போது பளிச்சென்று இருந்த குடம் காய்ந்ததும் மங்குவது இதனால்தான்.

உள்ளே தண்ணீர் நிற்கும் மட்டத்தில் வெள்ளையாகக் கோடு கட்டியிருந்தால், அல்லது வெளியே சொட்டுச் சொட்டாக வெள்ளை வட்டங்கள் இருந்தால் அது உப்புக்கறை. விளிம்புக்கு அடியிலும் கைப்பிடி ஆணிகளைச் சுற்றியும் மஞ்சளோ பழுப்போ படர்ந்து, நகத்தால் சுரண்டினால் லேசாக வழுக்குவது எண்ணெய்ப் பிசுக்கு. சொரசொரப்பான கறுப்பு, காந்தல். மஞ்சள், ஊதா, நீலம் என்று வானவில்போல் தெரிந்தும் தடவினால் வழவழப்பாக இருப்பது சூட்டுக்கறை. ஊசிமுனை அளவு செம்பழுப்புப் புள்ளிகள் துரு. இவை எதுவும் இல்லாமல் புகை படிந்ததுபோல் மங்கி, டார்ச் அடித்தால் வட்ட வட்டமாக மயிரிழைக் கோடுகள் தெரிந்தால் அது கீறல்.

சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டு 2 நிமிடம் பொறுத்துத் துடையுங்கள். அந்த வட்டம் மட்டும் தெளிந்தால் உப்புக்கறையோ லேசான சூட்டுக்கறையோதான், அமிலம் போதும். மாற்றமே இல்லையென்றால் சமையல் சோடாவில் தொடங்குங்கள்.

உப்புக்கறை

போர் தண்ணீர் புழங்கும் வீடுகளில் முக்கால்வாசி மங்கல் இதுதான். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் கொதிக்கும்போதும் காயும்போதும் கார்பனேட்டாகப் படிகின்றன. சோப்பு இதைத் தொடாது. அமிலம் எளிதில் கரைக்கும்.

உள்பக்கத்துக்கு, கறை மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் போடுங்கள். மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டாலும் கிடைக்கும். வினிகர் என்றால் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர். இளங்கொதியில் 10 நிமிடம் வைத்து, அடுப்பை அணைத்து ஆறவிட்டு, நைலான் நாரால் ஒரு சுற்று துடைத்துக் கழுவினால் போதும். வெளிப்பக்கத்துக்கு அதே கரைசலில் பழைய பருத்தித் துணியை நனைத்து, பாத்திரத்தைச் சுற்றிக் கட்டி 15 நிமிடம் விடுங்கள். இட்லிக் கொப்பரை, வெந்நீர்த் தவலை போன்றவற்றில் வருடக்கணக்கில் ஏறிய படிவு ஒரே தடவையில் போகாது. கரைசலில் குமிழி வருவது நின்றுவிட்டால் அதன் வேலை முடிந்தது. கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

புளியும் வேலை செய்யும். அதிலுள்ளது டார்டாரிக் அமிலம். எலுமிச்சை அளவு புளியை அரை லிட்டர் வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்தால் ஒரு நடுத்தரப் பாத்திரத்துக்குப் போதும். ஆனால் பித்தளை விளக்குக்குச் செய்கிற பழக்கத்தில் புளியோடு உப்பு சேர்த்துவிடாதீர்கள். செம்புக்கும் பித்தளைக்கும் அந்தக் கூட்டு அருமையானது. எவர்சில்வருக்கு உப்பிலுள்ள குளோரைடுதான் பெரிய எதிரி, அமிலத்தோடு சேர்ந்தால் இன்னும் மோசம். அடியில் செம்புப் பூச்சு உள்ள பாத்திரமென்றால் அந்தச் செம்புக்கு மட்டும் புளியும் உப்பும் தடவி, உடனே நிறைய தண்ணீர் விட்டு அலசுங்கள்.

அமிலத்துக்கு அசையாத வெள்ளைப் படிவும் உண்டு. சோறு வடிக்கும் பாத்திரத்தில் மேல்விளிம்பு ஓரம் படிவது பெரும்பாலும் காய்ந்த கஞ்சி. அதற்குச் சமையல் சோடா கரைத்த தண்ணீர்தான்.

எண்ணெய்ப் பிசுக்கும் காந்தலும்

திரும்பத் திரும்பச் சூடாகும் எண்ணெய், வார்னிஷ் போன்ற கெட்டிப் படலமாக மாறிவிடும். அந்த நிலைக்குப் போன எண்ணெயைச் சாதாரணப் பாத்திரச் சோப்பால் எடுக்க முடியாது, காரம் வேண்டும். புதுப் பிசுக்குக்கு மூன்று பங்கு சமையல் சோடாவுக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து, பசையாகப் பூசி அரை மணி நேரம் விட்டு, பீர்க்கங்காய் நாரால் தேயுங்கள். சமையல் சோடாவின் துகள் எவர்சில்வரைவிட மிருதுவானது. எவ்வளவு தேய்த்தாலும் கோடு விழாது.

கறுத்து இறுகிய வாணலியின் அடிப்பாகத்துக்கு இது போதாது. வாஷிங் சோடா (சோடியம் கார்பனேட், சமையல் சோடாவைவிடக் கடுமையான காரம்) வாங்குங்கள். ஒரு பிளாஸ்டிக் வாளியில் 5 லிட்டர் வெந்நீர், 100 கிராம் வாஷிங் சோடா, இரண்டு கரண்டி பாத்திரத் திரவம். பாத்திரத்தை இரவு முழுக்க மூழ்க வைத்து, காலையில் பிளாஸ்டிக் சுரண்டியாலோ பழைய பிளாஸ்டிக் அட்டையாலோ வழியுங்கள். தகடு தகடாக உரியும். கையுறை கட்டாயம், ஏனென்றால் இந்தக் கரைசல் தோலின் எண்ணெயையும் எடுத்துவிடும். பேக்கலைட் கைப்பிடியைத் திருகு கழற்றி எடுத்துவிட்டு ஊறவையுங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. டிரைப்ளை பாத்திரங்களில் இரண்டு எவர்சில்வர் தகடுகளுக்கு நடுவே அலுமினியம் இருக்கிறது. விளிம்பைக் கூர்ந்து பார்த்தால் வெள்ளை நிறத்தில் ஒரு கோடு தெரியும். வாஷிங் சோடா அந்த அலுமினியத்தை அரித்துக் கறுக்கவைக்கும். நாளடைவில் விளிம்பு கத்திபோல் கூர்மையாகிவிடும். இவற்றுக்குச் சமையல் சோடாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதையும் விளிம்பில் படாமல் பூசுங்கள்.

பால் அடிப்பிடித்துவிட்டால் சூட்டோடு சூடாகச் சுரண்ட வேண்டாம். கொதிக்கும் பாத்திரத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். அடி நெளிந்துவிட்டால் அப்புறம் அடுப்பில் ஆடிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் ஆறியபின் காந்தலுக்கு மேல் இரண்டு விரற்கடை தண்ணீர் நிற்கும்படி ஊற்றி, லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா போட்டு 15 நிமிடம் இளங்கொதியில் வையுங்கள். ஓரங்கள் தூக்கிக்கொண்டு வரும். அதே தண்ணீரிலேயே ஆறவிட்டு மரத் துடுப்பால் தள்ளுங்கள். மிஞ்சினால் இன்னொரு தடவை கொதிக்கவைப்பது, ஒரு தடவை அழுத்தித் தேய்ப்பதைவிட நல்லது. வெல்லப்பாகு இறுகியிருந்தால் வெறும் வெந்நீரே கரைத்துவிடும், கரியாகாத வரை.

சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டி நுரைக்கவிடும் வீடியோக்கள் நிறைய உலவுகின்றன. நுரை பார்க்க நன்றாக இருக்கும், வேலை நடக்காது. 4 சதவீத வினிகர் 100 மில்லியில் இருக்கும் அமிலம் முழுவதையும் ஒரு குவித்த தேக்கரண்டி சோடாவே தீர்த்துவிடும். காரமும் போச்சு, அமிலமும் போச்சு. மிச்சம் சோடியம் அசிட்டேட் கரைந்த தண்ணீர். இரண்டும் தேவைப்படும் பழைய பாத்திரத்துக்கு முதலில் சோடா, நன்றாக அலசியபின் அமிலம். இந்த வரிசை மாறக்கூடாது. பிசுக்கு மேலே மூடியிருக்கும்போது அமிலத்தால் அடியிலுள்ள உப்புக்கறையைத் தொட முடியாது.

காபி ஃபில்டரின் துளைகள் அடைபடுவதும் இதே இரட்டைப் படிவுதான்: காபியின் எண்ணெயும் தண்ணீரின் உப்பும். மேல்பாத்திரத்தை நெருப்பில் காட்டிச் சுடுவதற்குப் பதில், சமையல் சோடாத் தண்ணீரில் 10 நிமிடம், பிறகு சிட்ரிக் அமிலத் தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவையுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எல்லாத் துளையும் ஒரே மாதிரி ஒளிர வேண்டும். ஒளிராத துளை இருந்தால் வெளிப்பக்கத்திலிருந்து ஊசியால் தள்ளுங்கள்.

வானவில் நிறம்

இது அழுக்கே இல்லை. சூடு ஏறும்போது மேலே உள்ள ஆக்சைடு படலம் தடிக்கிறது. படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று குறுக்கிட்டு, தடிமனுக்கு ஏற்ப நிறம் காட்டுகிறது. உலோகம் 300 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது வெளிர் மஞ்சளில் தொடங்கி, பழுப்பு, ஊதா என்று மாறி, 500 டிகிரிக்கு மேல் நீலமாகும். தண்ணீரோ உணவோ உள்ளே இருக்கும் பாத்திரத்தின் அடி இவ்வளவு சூடாவது அபூர்வம். காலியாகக் காய்ந்திருக்கிறது, அல்லது தீ பக்கவாட்டில் ஏறியிருக்கிறது என்பதற்கு நீல நிறம் நல்ல சாட்சி.

சமையலுக்குக் கெடுதல் இல்லை. மஞ்சளும் இளநிறமும் சூடான வினிகரில் 5 நிமிடத்தில் போய்விடும். ஊதாவும் நீலமும் பிடிவாதமானவை. ஆக்ஸாலிக் அமிலம் கலந்த தூள்தான் அவற்றை எடுக்கும்; பார் கீப்பர்ஸ் ஃப்ரெண்ட் இந்த வகையில் பெயர்பெற்றது. ஈரத் துணியில் கொஞ்சம் தொட்டு, லேசாகத் தடவி, ஒரு நிமிடத்துக்குள் அலசிவிட வேண்டும். பூசிவிட்டு மறந்துபோனால் பரப்பில் வெளிறிய திட்டு விழும். ஆக்ஸாலிக் அமிலம் நஞ்சு என்பதால் கையுறை போடுங்கள். தூளைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். உள்பக்கத்தில் பயன்படுத்தினால் சோப்புப் போட்டு இன்னொரு தடவை கழுவுங்கள்.

ஆழ்ந்த நீலத்தை அப்படியே விட்டு வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. தடித்த படலம் உருவாகும்போது அதற்கு அடியிலுள்ள உலோகத்திலிருந்து குரோமியத்தை இழுத்துக்கொள்கிறது. குரோமியம் குறைந்த அந்த இடம் மற்ற இடங்களைவிடச் சீக்கிரம் துரு பிடிக்கும்.

துருப்புள்ளி

எவர்சில்வரில் துருவா என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அது பாத்திரத்தின் துரு அல்ல. கம்பி நாரிலிருந்து உதிர்ந்த துணுக்கோ, தொட்டியில் ஈரத்தோடு உரசிக் கிடந்த இரும்புத் தோசைக்கல்லின் துகளோ ஒட்டிக்கொண்டு துருப்பிடித்திருக்கும். லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, அடியில் சின்னச் சின்னக் குமிழிகள் வரும் சூட்டில், அதாவது 60 முதல் 70 டிகிரியில், 20 நிமிடம் ஊறவையுங்கள். அமிலம், ஒட்டியிருக்கும் இரும்பைக் கரைக்கும், குரோமியப் படலத்தை விட்டுவிடும். அலசித் துடைத்து ஒரு நாள் காற்றாட வைத்தால் படலம் நன்றாகக் கட்டிக்கொள்ளும்.

அதே புள்ளியில் மறுபடி துரு வந்தால் அது குழி. ஊசிமுனையால் தடவினால் சிக்கும். குளிர்ந்த தண்ணீரில் கல்லுப்பைப் போட்டு அடுப்பேற்றுவதுதான் இதற்கு வழக்கமான காரணம். கல் கரையாமல் அடியில் உட்கார்ந்து, தன்னைச் சுற்றிக் கெட்டியான உப்புநீரை உருவாக்கி, படலத்தைத் துளைத்துவிடும். தண்ணீர் கொதித்த பிறகு உப்புப் போட்டுக் கிளறுவது அவ்வளவு சின்னப் பழக்கம், ஆனால் பாத்திரத்தின் ஆயுளையே மாற்றும். ஊறுகாயையும் உப்பையும் எவர்சில்வர் டப்பாவில் வைக்கவே கூடாது. அவற்றுக்குப் பீங்கானும் கண்ணாடியும் இருக்கின்றன. விழுந்த குழியை எந்தப் பொடியும் நிரப்பாது. அந்தப் பாத்திரத்தைப் பருப்பு, அரிசி போட்டு வைக்கப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கழிவறை ஆசிட், பிளீச்சிங் பவுடர் இரண்டையும் பாத்திரத்தின் பக்கமே கொண்டுவராதீர்கள். இரண்டும் குளோரைடைக் கொண்டுவந்து படலத்தை உடைக்கின்றன. பிளீச்சும் வினிகரும் கலந்தால் குளோரின் வாயு வரும். மூடிய சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து.

எல்லாம் சரியாகச் செய்தும் புதுப் பாத்திரம் சில மாதங்களில் புள்ளி விடுகிறதென்றால் தகட்டைச் சந்தேகப்படுங்கள். 304 அல்லது 18/8 என்று முத்திரை இருந்தால் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். மலிவுப் பாத்திரங்களில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 200 வரிசைத் தகடு நிறையப் புழங்குகிறது. அது உப்புக்குச் சீக்கிரம் பணிந்துவிடும். காந்தத்தை வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது, ஏனென்றால் இரண்டிலுமே காந்தம் அவ்வளவாக ஒட்டாது. முத்திரையும் நம்பிக்கையான கடையும்தான் வழி.

கீறலால் மங்கியிருந்தால்

இங்கேதான் பொறுமை வேண்டும். கண்ணாடிப் பளபளப்பு என்பது ஒளியை ஒரே திசையில் திருப்பும் சமமான பரப்பு. ஆயிரம் நுண்கீறல்கள் ஒளியை நாலாபக்கமும் சிதறடிப்பதால்தான் மங்கித் தெரிகிறது. ஆகவே ஒரு கீறலை, அதைவிட நுண்ணிய கீறலால் மாற்றி, அதையும் இன்னும் நுண்ணியதால் மாற்றிக்கொண்டே போக வேண்டும்.

பாத்திரத்தைச் சோடாவிலும் அமிலத்திலும் சுத்தம் செய்தபிறகே தொடங்குங்கள். பெயின்ட் கடையில் 600, 1000, 2000 என்று மூன்று எண்களில் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்; எண் கூடக் கூட நுண்ணியது) வாங்கிக்கொள்ளுங்கள். நகத்தில் தட்டுப்படும் ஆழமான கீறல் இருந்தால் மட்டும் 600. இல்லையென்றால் நேராக 1000. தாளைத் தண்ணீரில் நனைத்து, ஒரு தட்டையான ரப்பர் துண்டில் சுற்றி, ஒரே திசையில் தேயுங்கள். அடுத்த எண்ணுக்குப் போகும்போது திசையைக் குறுக்காக மாற்றுங்கள். முந்தைய கோடுகள் முழுக்க மறைந்தால்தான் அந்தக் கட்டம் முடிந்தது. குறுக்குத் திசை என்பதால் மிச்சமிருக்கும் கோடு சட்டென்று கண்ணில் படும். அவசரப்பட்டு ஒரு கட்டத்தைத் தாண்டினால் கடைசியில் பளபளப்புக்கு நடுவே அந்தக் கோடுகள் எட்டிப்பார்க்கும், மறுபடி முதலிலிருந்து வர வேண்டியிருக்கும்.

2000 முடிந்ததும் பரப்பு சாம்பல் நிறத்தில் பட்டுப்போல் இருக்கும். இப்போது பச்சை நிற பாலிஷ் கட்டி. அதிலிருப்பது குரோமியம் ஆக்சைடு. டிரில்லில் 3 அங்குலப் பருத்தி பஃப் வீலை (மெருகேற்றும் துணிச் சக்கரம்) மாட்டி, ஓடும் வீலில் கட்டியை ஒரு நொடி தொட்டு, பாத்திரத்தில் லேசாக ஓட்டுங்கள். பாத்திரத்தை யாராவது கையில் பிடித்துக்கொள்வது ஆபத்து. மேசையில் இறுகக் கட்டிவையுங்கள். வீல் எப்போதும் விளிம்பைவிட்டு வெளியே போகும் திசையில் சுற்ற வேண்டும். விளிம்பை நோக்கி உள்ளே சுற்றினால் கவ்விப் பிடித்துப் பாத்திரத்தைத் தூக்கி எறிந்துவிடும். பாதுகாப்புக் கண்ணாடி, முகக்கவசம் இரண்டும் வேண்டும். தளர்ந்த சட்டைக் கையும் துப்பட்டாவும் கூடாது. ஒரே இடத்தில் நின்றால் அந்த இடம் சூடேறி நிறம் மாறும், ஆகவே வீலை நகர்த்திக்கொண்டே இருங்கள்.

முடித்தபின் தெரியும் கறுப்பு மசியைச் சோப்பு எடுக்காது. சமையல் எண்ணெய் தொட்ட பஞ்சால் துடைத்து, மைதா மாவைத் தூவி உலர்ந்த துணியால் துடைத்து, அதன்பிறகு வெந்நீரும் சோப்பும். கடையிலிருந்து வந்த புதுப் பாத்திரத்தைத் துடைத்தால் துணி கறுப்பாவதும் இதே பாலிஷ் மிச்சம்தான். அதற்கும் முதலில் எண்ணெய்தான். இந்த வேலையை வெளிப்பக்கத்தில் மட்டும் செய்யுங்கள். உணவு படும் உள்பக்கம் சுத்தமாக இருந்தால் போதும், கண்ணாடியாக மின்ன வேண்டியதில்லை.

டிரில் இல்லாதவர்கள் லேசான மங்கலுக்குப் பற்பசையையோ, துணியில் சலித்த சாக்பீஸ் தூளையோ ஈரத் துணியில் தொட்டு வட்டமாகத் தேய்க்கலாம். மெதுவாகத்தான் பலன் தெரியும். பெரிய அண்டா, தவலை என்றால் பாத்திரக் கடையில் பாலிஷுக்குக் கொடுப்பதே மேல். திருப்பூரை ஒட்டிய அனுப்பர்பாளையம் போன்ற பாத்திரப் பட்டறை ஊர்களில் இதையே தொழிலாகச் செய்கிறார்கள். கொடுக்கும் முன் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள்: பாலிஷ் ஒவ்வொரு தடவையும் தகட்டைக் கொஞ்சம் தின்னும், வெட்டிய பெயரும் தேய்ந்து மங்கும். அம்மாவின் பெயரும் கல்யாணத் தேதியும் வெட்டிய குடம் என்றால், பெயர் இருக்கும் பகுதியை விட்டுவிடச் சொல்லிக் கொடுங்கள்.

மேட் பாத்திரங்களுக்கு இதெல்லாம் பொருந்தாது. அவற்றில் ஒரே திசையில் ஓடும் கோடுகள்தான் அழகு. அந்தக் கோட்டின் போக்கிலேயே தேயுங்கள். குறுக்கே ஒரு இழுப்பு போதும், நிரந்தரமாகத் தெரியும்.

மங்காமல் வைக்க

தினசரிக்குத் தேங்காய் நார், பீர்க்கங்காய் நார், வெள்ளை நைலான் நார். பச்சை ஸ்க்ரப்பரில் அலுமினியம் ஆக்சைடு துகள் இருக்கிறது. அது பளபளப்பை மெல்ல மெல்லத் தின்னும், அடிப்பாகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். விறகுச் சாம்பல் நல்ல காரம், ஆனால் மெல்லிய துணியில் சலித்தால்தான். சலிக்காத சாம்பலில் மணல் இருக்கும். செங்கல் தூள் வேண்டவே வேண்டாம்.

கழுவியதும் கவிழ்த்து வைத்துக் காயவிடுவதைவிட உடனே பருத்தித் துணியால் துடைப்பது மேல். நீர்த்துளி காயாவிட்டால் வெள்ளை வட்டமும் விழாது. தண்ணீர் மிகவும் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்கு மட்டும் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து, துடைத்துவிடுங்கள்.

பரணில் ஏற்றும் சீர்ப் பாத்திரங்களை நன்றாக வெயிலில் காயவைத்து, வெளிப்பக்கம் மட்டும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்து, பழைய பருத்தித் துணியில் சுற்றுங்கள். செய்தித்தாள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு கறை விடும். ஒன்றுக்குள் ஒன்று அடுக்கும்போதும் நடுவே துணி வையுங்கள். தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னை என்று கடலோரத்தில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு தடவையாவது இறக்கி நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உப்புக்காற்று பரண்வரை வரும். வெளிர்பழுப்புத் தேநீர்க்கறைபோல் படர ஆரம்பிக்கும்போதே சிட்ரிக் அமிலத்தில் துடைத்துவிட்டால் குழியாகாது.